அநாதைகள் யார்?

நாதனற்றவன் அநாதை என்பது சொற்பொருள்; தாய் தந்தையரை இழந்த பிள்ளை என்பது உலக வழக்கு. இவ்விரண்டில் எதனைக் கொண்டு பார்ப்பினும், ஹெய்ட்டி நாட்டில் அநாதை விடுதி என்னும் பெயர்ப்பலகை தாங்கி நிற்கும் இல்லங்களிற் பெரும்பாலானவை அப்பெயருக்கு உரியன அல்ல. லூமோஸ் என்னும் குழந்தை நல நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்நாட்டில் எழுநூற்றைம்பதுக்கு மேற்பட்ட விடுதிகளில் ஏறக்குறைய 30,000 சிறுவர் இருந்தனர். அவர்களுள் ஐந்தில் நால்வருக்குத் தாயோ தந்தையோ, இருவருமோ உயிரோடிருந்தனர். அவ்விடுதிகளுள் மிகப் பல அரசாங்க அனுமதியே பெறாதவை.

தாயிருக்கப் பிள்ளை அநாதையானது எங்ஙனம்? அன்பில்லாத தாயர் என்று சொல்லிவிடுவது எளிது. நம் தோட்டங்களில் விடியற்காலையில் ஆயாக் கொட்டகையில் பிள்ளையைக் கிடத்திவிட்டுப் பால்மரம் வெட்டப் போன தாயை எவரேனும் பிள்ளையைக் கைவிட்டவள் என்று பழித்ததுண்டோ? பசி அவளைத் துரத்திற்று. மாலையிற் பிள்ளை மீண்டும் அவள் இடுப்புக்கு வந்தது. ஹெய்ட்டியின் மலைநாட்டுத் தாய்க்கு அந்தக் கொட்டகையும் இல்லை. பள்ளிக்கூடங்களிற் பெரும்பாலானவை சம்பளம் வாங்கும் தனியார் பள்ளிகள். அவள் பிள்ளை எழுதப் படிக்க வேண்டுமானால், இரண்டு வேளை உண்ண வேண்டுமானால், அதற்கு வழி பாதிரியார் கட்டிய விடுதியில்தான் இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. அவள் பிள்ளையைக் கொடுத்தாள் என்பதைவிட, பள்ளிச் சம்பளத்துக்கு ஈடு வைத்தாள் என்பதே பொருந்தும்.

2010 ஜனவரி 12-இல் நேர்ந்த பெரும் பூகம்பத்துக்குப் பின்னர், அமெரிக்காவிலிருந்து வந்த பாப்டிஸ்ட் சபையினர் பதின்மர் முப்பத்து மூன்று சிறுவரை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு, தக்க பத்திரங்களின்றி டொமினிக்கன் குடியரசின் எல்லையைக் கடக்க முயன்று பிடிபட்டனர். அநாதைகளை மீட்கிறோம் என்றனர். விசாரித்தபோது, பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருப்பது வெளிப்பட்டது. படிப்பும் நல்வாழ்வும் கிடைக்கும் என்ற வாக்கை நம்பியே பிள்ளைகளை ஒப்படைத்ததாக அவர்கள் கூறினர். வந்தவர் திருடர் என்று நாம் கூறவில்லை. தாம் செய்வது புண்ணியமென்றே அவர்கள் நம்பியிருக்கக்கூடும். அந்த நம்பிக்கையைத்தான் நாம் அஞ்சுகிறோம். தீங்கு செய்கிறோம் என்றறிந்தவன் ஒருநாள் நாணி நிறுத்துவான். நன்மை செய்வதாக நினைப்பவனுக்கு நிறுத்தக் காரணமேது?

இனிப் பணத்தின் கணக்கைப் பார்ப்போம். மேற்கூறிய அறிக்கை, இவ்விடுதிகளுக்கு அயல்நாட்டினின்றும், சிறப்பாக அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையாரிடமிருந்து, ஆண்டுதோறும் வரும் தொகை 7 கோடி டாலருக்குக் குறையாதென்று மதிப்பிட்டது. தலைக்கு வகுத்தால் பிள்ளையொன்றுக்கு 2,300 டாலருக்கு மேலாகிறது. மலைநாட்டு ஏழைக் குடும்பங்கள் பல ஓராண்டு முழுதும் கண்ணாற் காணாத தொகை இது! பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பதற்கு இவ்வளவு. தாயோடு வைத்திருப்பதற்கு ஒரு காசுமில்லை. பிள்ளைகள் நிறைந்திருந்தால்தான் கொடையாளர் வருவர். கொடையாளர் வந்தால்தான் நடத்துவோர் வாழ்வர். ஆகவே பிள்ளைகளைத் தேடி ஆட்கள் கிராமத்துக்குப் போகின்றனர். இத்தனை பணம் பாய்ந்தும் பிள்ளைகளின் நிலை என்ன? 2020 பிப்ரவரியில் தலைநகருக்கு அணித்தேயுள்ள மலைப்பகுதியில் அமெரிக்கச் சபையொன்று நடத்திய விடுதி இரவில் தீப்பற்றிப் பதினைந்து சிறுவர் மாண்டனர். அவ்விடுதிக்கு அரசாங்க அங்கீகாரம் இல்லை. விளக்கெரிய மின்சாரமின்றி மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தனர் என்று செய்தி வந்தது.

சேவைக் குழுவினர் வருவது இத்தகைய இல்லங்களுக்கே. ஒரே நிறச் சட்டை அணிந்து பதினைந்து பேர் வருவர், சுவருக்கு வண்ணம் தீட்டுவர், பாட்டுக் கற்பிப்பர், பிள்ளைகளை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வர், எட்டாம் நாள் கண்ணீரோடு விமானமேறுவர். அடுத்த வாரம் வேறு பதினைந்து பேர், அதே சுவர், வேறு வண்ணம். வந்தவர் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் குழந்தையைக் கண்டு, "என்னே இதன் அன்பு!" என்று அவர்கள் உருகுகின்றனர். முன்பின் அறியாத எவரையும் கட்டிக்கொள்ளும் குழந்தை அன்பு மிகுந்த குழந்தையன்று. தனக்கென ஒருவரும் நிலைத்து நில்லாத குழந்தை. ருமேனியாவில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சியொன்று, விடுதிகளில் வளர்ந்த 136 சிறு குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களுட் குடும்பங்களில் வைத்து வளர்க்கப்பட்டவர் அறிவிலும், ஒருவர்பால் பற்றுவைக்கும் இயல்பிலும், விடுதியிலேயே விடப்பட்டோரைக் காட்டிலும் மேம்பட்டனர். எவ்வளவு இளமையிற் குடும்பம் கிடைத்ததோ அவ்வளவு நலம் மிகுந்தது. எட்டு நாள் அன்பு எவ்விதத்தானும் இதற்கு ஈடாகாது.

கிராம வைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதாகோயில் முற்றத்தில் மேசையிட்டு, ஒரு நாளில் நூற்றுக்கணக்கானோரைப் பார்த்து அனுப்புகின்றனர். இரத்த அழுத்தம் உடையவனுக்கு ஒரு மாத மாத்திரை. முப்பத்தோராம் நாள் அவன் எங்கே போவான்? பூச்சி மருந்து உண்ட பிள்ளை அன்று மாலையே அதே அசுத்த நீரைக் குடிக்கிறது. அந்நீரின் கொடுமையை 2010 அக்டோபரில் உலகம் கண்டது: ஐக்கிய நாட்டு அமைதிப் படையினரின் முகாமிலிருந்து கழிவு ஆற்றிற் கலந்து, அதனால் மூண்ட காலரா ஏறக்குறைய பதினாயிரம் உயிர்களைக் கொண்டது. உதவ வந்தவர் கொணர்ந்த நோய் அது. அந்நியர் வந்துபோகும் நாட்டில், அவர் விட்டுச் செல்வது யாதென்று வினவும் உரிமை அந்நாட்டாருக்கு உண்டு.

"சும்மா இருப்பதினும் ஏதேனும் செய்வது மேலன்றோ?" என்பர். சும்மா இருக்கச் சொன்னவர் யார்? அதே ஹெய்ட்டியில், காஞ்ச் என்னும் சிற்றூரில், மருத்துவர் பால் ஃபார்மரும் அந்நாட்டுத் தோழர்களும் 1980-களில் தொடங்கிய பணியைப் பாருங்கள். காசநோயாளர் சிலருக்கு இலவச மருந்து மட்டும் கொடுத்தனர். வேறு சிலருக்கு மருந்தோடு மாதந்தோறும் சிறு பணமும், உணவும், வீடு தேடி வரும் உள்ளூர்ச் சுகாதாரத் தொண்டரும். மருந்து மட்டும் பெற்றோருள் ஏறக்குறையப் பாதிப்பேரே தேறினர். மற்றையோர் அனைவரும் தேறினர். அத்தொண்டர்கள் அக்கிராமத்தாரே, மாதச் சம்பளம் பெற்றவர், எட்டாம் நாள் எங்கும் போகாதவர். 2013-இல் மிரெபலே நகரில் முந்நூறு படுக்கையுள்ள போதனா மருத்துவமனை எழுந்ததும் இவ்வழியில் நடந்தவர்களாலேயே. 2021 அக்டோபரில், விடுதியொன்றைப் பார்த்துத் திரும்பிய அயல்நாட்டுச் சமய ஊழியர் குடும்பத்தினர் பதினேழு பேரை ஆயுதக் கும்பல் கடத்திற்று. பயணங்கள் தடைப்படும் இத்தகைய காலத்தில் நோயாளிக்கு மருந்து கொடுப்பவர் விமானத்தில் வருபவரல்லர்.

மதத்தின் மேல் நமக்குள்ள பகையால் இதை எழுதுகிறோமென்று எவரும் எண்ண வேண்டா. கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இத்தவற்றை உணர்ந்து, பிள்ளைகளைக் குடும்பத்துக்குத் திருப்பும் பணியில் இறங்கியோர் உளர். கத்தோலிக்கத் துயர்துடைப்புச் சபை அவற்றுள் ஒன்று. அவர்கள் வேதத்தையே ஊன்றிப் படித்தவர் போலும்! யாக்கோபின் நிருபம் திக்கற்ற பிள்ளைகளைப் பேசுமிடத்தில் விதவைகளையும் உடன் சேர்த்தே பேசுகிறது. விதவையை மலையில் விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் கொண்டுவரும் பாகத்தை இவர்கள் எங்கே கண்டனரோ, நாமறியோம்.

ஹெய்ட்டி நமக்கு வெகு தொலைவு என்று வாளாவிருத்தற்கில்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள சபைகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் நம் இளைஞர் கம்போடியாவுக்கு இவ்வாறே போய் வருகின்றனர். அங்கும் 2005 முதல் 2010 வரை, ஐந்தே ஆண்டுகளில், விடுதிகள் 154-லிருந்து 269 ஆகப் பெருகின. அவ்வாண்டுகளில் அந்நாட்டில் பெரும் போர் நேரவில்லை. வந்துபோகும் அயலாரும் அவர்தம் பணமும்தான் பெருகின.

அடுத்த முறை நம் வீட்டுப் பிள்ளை பயணச் செலவுக்கு உண்டியல் நீட்டினால், வேண்டா என்று விரட்ட வேண்டியதில்லை. நீ போகும் விடுதியில் எத்தனை பிள்ளைகளுக்குத் தாய் இருக்கிறாள், அவள் எந்த ஊர், அவளுக்கு மாதம் எவ்வளவு கிடைத்தால் பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்வாள் என்று கேளுங்கள். ஒருவருக்கு ஆயிரம் டாலரென வைத்தாலும் பதினைந்து பேரின் விமானக் கூலி பதினையாயிரம் ஆகிறது. அத்தொகையில் உள்ளூர்த் தாதியர் எத்தனை பேருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுக்கலாமென்று, விடுதித் தலைவருக்கே கடிதம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். விடை வந்த பின்னர் உண்டியலிற் போடுவதைப் பற்றி யோசிக்கலாம்.