தோட்டத்துக்கு விலை உண்டு, உழைத்த கைக்கு?

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டம் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்புப் போட வருகிறவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள்? ஏக்கர் எத்தனை, செடியின் வயது என்ன, நிழல் மரம் உண்டா, தண்ணீர் உண்டா, காய் உலர்த்தும் ஸ்டோர் எப்படி, ஜீப் போகப் பாதை இருக்கிறதா? போடி ஏல மையத்தில் காய் விலை ஏறினால் தோட்டத்தின் மதிப்பும் ஏறுகிறது.

நட்ட ஏலச்செடி காய்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை களை பறித்து, கவாத்துச் செய்து காத்தது யார்? விடியுமுன் போடியில் ஜீப் ஏறிய பெண்கள்தானே! அந்த உழைப்பு முதலாளியின் கணக்கில் விலையாகச் சேருகிறது. விற்பனைப் பத்திரத்தில் தொழிலாளிக்கு ஒரு வரிகூட இல்லை. மில்லிலும் இதே கதைதான்: இயந்திரத்துக்கு மதிப்பு, ஓட்டியவனுக்குப் பூஜ்யம்.

சர்க்கார் நிலம் எடுக்கும்போது நிலைமை சற்று வேறு. 1894-ஆம் ஆண்டின் வெள்ளையர் சட்டம் நிலத்தில் பாத்தியதை உள்ளவர்களுக்கே பணம் தந்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ, அங்கே 3 ஆண்டுகள் வேலை செய்து பிழைத்த நிலமற்ற கூலிக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகச் சேர்க்கிறது. ஆனால் 3 ஆண்டு உழைத்ததற்குச் சாட்சி எது? செக்ரோலில் பெயரில்லாதவள் எந்தக் கணக்கில் வருவாள்?

ஆகவே தோழர்களே, ஒவ்வொரு தோட்டத்திலும் செக்ரோலில் பெயரும், கையில் சம்பளச் சீட்டும் கேளுங்கள். தனித்துக் கேட்டால் ஜீப்பில் இடமிருக்காது, சங்கமாகக் கேளுங்கள். தோட்டம் யார் கைக்கு மாறினாலும் நம் வேலையும் பாக்கிக் கூலியும் நிற்கும் என்று பத்திரத்திலேயே எழுதச் செய்வோம்!