மவுஸ் பிடிக்கும் கைக்கும் வலி உண்டு



பால் மரம் வெட்டுகிறவருக்கு மணிக்கட்டு வலிக்கிறது என்றால் நம்பாதவர் தோட்டத்தில் யாரும் இல்லை. செம்பனைக் குலை அறுக்கிறவருக்குத் தோள் வலி என்றாலும் அப்படித்தான். ஆனால் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, "கை மரத்துப் போகுதுப்பா" என்று சொன்னால் மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சிரிப்பு வந்து விடுகிறது. "ஏர்கோன் ரூம்ல உக்காந்து எலியைப் பிடிச்சு நகர்த்துறதுக்கா வலி? நான் நாலு மணிக்கு எழுந்து நானூறு மரம் வெட்டுனவன்மா!" என்கிறார் அப்பா. அவர் சொல்வது உண்மைதான். அதற்காகப் பிள்ளையின் வலி பொய்யாகி விடாது.

இன்று நம் பிள்ளைகள் தோட்ட ஆபீசில் கிராணியாக இருக்கிறார்கள். ஆலை வாசலில் லாரி நிறுத்துக் கணக்குப் பதிகிறார்கள். பட்டணத்தில் தொழிற்சாலை ஆபீஸ்களிலும் வங்கிகளிலும் காலையிலிருந்து மாலைவரை ஒரே கையால் மவுஸைப் பிடித்தபடி இருக்கிறார்கள். மலாயில் இதற்குத் தெத்திக்குஸ் என்று பெயர். தீக்குஸ் என்றால் எலிதானே, ஆகவே அப்பா சொல்லும் பெயரில் தப்பில்லை. 1960களில் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் யோசித்துச் செய்வித்த முதல் மவுஸ் ஒரு சின்ன மரப்பெட்டி. அடியில் இரண்டு சக்கரம். உருண்டையை விரலால் உருட்டும் டிராக்பால் அதற்கும் மூத்தது. 1952இல் கனடா கடற்படைக்காகச் செய்த ஒன்றில், பௌலிங் விளையாட்டுப் பந்தையே வைத்திருந்தார்கள்.

கனம் தூக்கி வரும் வலி ஒரு வகை. அசையாமல் வைத்திருந்து வரும் வலி இன்னொரு வகை. ஒரு காலி மங்கைக் கையில் பிடித்துக் கையை முன்னால் நீட்டிப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். மங்குக்கு என்ன கனம்? ஆனாலும் தோள் கெஞ்சும். மவுஸ் தூரத்தில் இருந்தால் பிள்ளையின் தோளும் இப்படித்தான் நாள் முழுவதும் கெஞ்சுகிறது. அதோடு மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியிருக்கும். விரல் எப்போது அழுத்தலாம் என்று தூக்கியபடியே காத்திருக்கும். அந்தச் சின்னத் தசைகளுக்கு ஓய்வே கிடையாது.

நல்ல பால்வெட்டுக்காரர் தன் கத்தியை இரவல் கொடுக்க மாட்டார். அது அவர் கைக்குப் பழகியது, அவர் தீட்டியது. இறுக்கிப் பிடித்தால் பட்டை காயப்படும், கையும் நோகும் என்று அவருக்குத் தெரியும். மவுஸையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். உள்ளங்கைக்கு மிகச் சிறியதாக இருந்தால் விரல்கள் சுருண்டு கொள்ளும். கை அதன் மேல் லேசாகப் படிந்திருந்தால் போதும். மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றிக் கொண்டு இப்படியும் அப்படியும் திருப்பக் கூடாது. முழங்கையிலிருந்து முன்கை முழுவதும் சேர்ந்து நகர வேண்டும்.

உண்மையான குற்றவாளி பெரும்பாலும் மேசைதான் என்பது என் கருத்து. ஆபீஸ் மேசைகள் சுமார் 75 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். நம் பெண்களில் பலர் 150 சென்டிமீட்டர் உயரம்தான். மேசை நெஞ்சை முட்டுகிறது, தோள் காதுப் பக்கம் ஏறி விடுகிறது. மேசையை வெட்ட முடியாது, நாற்காலியை உயர்த்தலாம். தோளைத் தளர விட்டு உட்கார்ந்தால் முழங்கை விலாவை ஒட்டி, மேசை மட்டத்திலோ சற்று மேலோ இருக்க வேண்டும். நாற்காலியை உயர்த்தியதும் கால் தரையில் எட்டாமல் தொங்கினால் அடியில் ஒரு பலகை போட வேண்டும். மவுஸ் விசைப்பலகையின் பக்கத்திலேயே, அதே மட்டத்தில் இருக்கட்டும். தேநீர்க் குவளைக்கும் ரசீதுக் கட்டுக்கும் பக்கத்து இடத்தைக் கொடுத்து விட்டு மவுஸைத் தள்ளி வைக்கிறார்கள், அது எனக்குப் பிடிக்காத காரியம்.

கம்ப்யூட்டர் அமைப்பில் அம்புக்குறியின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் கையைச் சிறிதளவு நகர்த்தினாலே போதும். இரட்டைத் தட்டலின் வேகத்தைக் குறைக்கவும் அங்கேயே வழியுண்டு. பொத்தான்களை இடது கைக்கும் மாற்றிக் கொள்ளலாம். "பீச்சாங்கையா?" என்று பாட்டிமார் முகம் சுளிப்பார்கள். சோறு சாப்பிடத்தான் வலது கை, பாட்டி. மவுஸுக்கு எந்தக் கையும் சரியே. முதல் வாரம் தடுமாறும், பிறகு பழகி விடும்.

டிராக்பால் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அது இருந்த இடத்திலேயே இருக்கும், உருண்டை மட்டும் சுழலும். இடம் குறைவான மேசைக்கும் தோள் வலிக்காரருக்கும் நல்லது. ஆனால் கட்டைவிரலால் உருட்டும் வகையில் வேலை முழுவதும் அந்த ஒரு விரல் மேல் விழும். கட்டைவிரல் அடியில் ஏற்கெனவே வலி உள்ளவர் அதை வாங்க வேண்டாம். எதை வாங்கினாலும் அரைமணிக்கு ஒருமுறை கையை எடுத்து மடியில் போடுங்கள். திரையில் படிக்கும்போது மவுஸைப் பிடித்துக் கொண்டிருக்க என்ன அவசியம்?

இனி முக்கியமான விஷயம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றில் மதமதப்பு, இரவில் தூக்கம் கலைந்து கையை உதறும் நிலை, பொருள் நழுவி விழுதல் இருந்தால் மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கார்ப்பல் டனல் என்பார்கள். இதற்கு மவுஸை மட்டும் பழி சொல்லக் கூடாது. இனிப்புநீர் உள்ளவர்களுக்கும், தைராய்டு குறைந்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது அதிகம் வரும். ஆகவே ரத்தத்தில் சர்க்கரையையும் பார்த்து விட வேண்டும். ஆரம்பத்தில் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டினாலே பலருக்குக் குறையும். கட்டைவிரல் அடிச்சதை வற்றும் வரை காத்திருந்தால் அறுவை செய்தாலும் பழைய பலம் முழுமையாகத் திரும்பாமல் போகலாம். கோடாலித் தைலம் தேய்த்தால் சுகமாக இருக்கும்தான். மேசையின் உயரம் அதனால் மாறுவதில்லை.

சங்கத்திற்கும் ஒரு வார்த்தை. கத்திக்கும் ஏணிக்கும் கையுறைக்கும் பேசுகிற நாம் நாற்காலிக்குப் பேசுவதில்லை. கிராணி வேலையை வேலையாகவே மதிக்காத பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வெயிலில் நிற்பவருக்கும் உண்டு, விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவருக்கும் உண்டு. 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி இருக்க வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதியும் இருக்க வேண்டும். அந்தப் பிரதிநிதி அடுத்த கூட்டத்தில் ஆபீஸ் நாற்காலியையும், ஆலை வாசல் கூண்டுக்குள் இருக்கும் மேசையையும் பேச்சில் கொண்டு வரட்டும். வேலையால் வரும் நோய்க்குச் சொக்சோவில் இடமுண்டு. ஆனால் எந்த வேலை, எத்தனை மணி நேரம், வலி எப்போது தொடங்கியது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வலி தொடங்கிய வாரமே கிளினிக்குக்கு வந்து கார்டில் பதிந்து கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து வந்தால் எந்தத் தேதியை நான் எழுதுவது?

கால் பலகைக்குப் பெரிய செலவில்லை. நாற்காலியை உயர்த்திய பிறகு பாதத்துக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று அளந்து தோட்டத் தச்சரிடம் சொல்லுங்கள். பழைய பலகையில் அரைமணி நேரத்தில் அடித்துக் கொடுத்து விடுவார்.