முடி கொட்டுவது நோயன்று: மூன்று சொற்களும் எல்லையோர வீட்டு விலங்குகளும்

நாயோ பூனையோ பழைய மயிரை விட்டுப் புதிய மயிரை ஏற்கும்போது 'முடி கொட்டுகிறது' என்கிறோம். மனிதர் தலையில் வழுக்கை விழத் தொடங்கும்போதும் அதையே சொல்கிறோம். பாம்பு சட்டை உரிக்கிறது. மயில் தோகை உதிர்க்கிறது. மான் கொம்பு உதிர்க்கிறது. இவற்றில் எதையும் நோயென்று நாம் கருதுவதில்லை. வீட்டு விலங்குக்கு மட்டும் மனிதரின் கவலைச் சொல்லைச் சூட்டிவிட்டோம். சொல்லோடு கவலை வருகிறது. கவலையோடு தவறான மருத்துவமும் வருகிறது. மொட்டையாக மழிக்கிறோம், கண்ட தைலத்தைத் தேய்க்கிறோம், மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கும் தடவுகிறோம். ஆகவே இது சொற்பொருளியல் சார்ந்த சிக்கல். அதே அளவுக்கு உயிர் சார்ந்த சிக்கலும் ஆகும்.

('மயிர்' என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் வசைச்சொல்லாகத் திரிந்துவிட்டது. அது பழுதற்ற பழஞ்சொல் என்பதால் இப்பதிவில் அதையே ஆள்கிறேன்.)

நான் மனத்திற்கொண்டு எழுதுவது பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ் பேசும் எல்லைப்பகுதிகளை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை ஒருபுறம். மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு, குமுளி மறுபுறம். கணவாய் வழியே வெப்பக்காற்று வீசும் பாலக்காட்டில் கோடை 40 டிகிரியைத் தொடும். மூணாற்றில் சனவரி விடியலில் புல்நுனியில் உறைபனி படியும். ஆயினும் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, நாம் 'பொமரேனியன்' என்றழைக்கும் இந்திய ஸ்பிட்ஸ், பாரசீகப் பூனை ஆகியவை இரு நிலங்களிலும் வளர்க்கப்படுகின்றன. அவற்றுக்கான வழிகாட்டிகளோ பெரும்பாலும் குளிர்நாட்டு ஆங்கிலத்திலிருந்து வருபவை.

அவ்வழிகாட்டிகள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மயிர் மொத்தமாக உதிரும் என்கின்றன. மயிர்ச்சுழற்சியை நெறிப்படுத்துவதில் பகற்பொழுதின் நீளத்துக்குப் பெரும் பங்குண்டு. இலண்டனில் குளிர்காலப் பகல் ஏறத்தாழ 8 மணி நேரம்; கோடையில் 16 மணி நேரத்துக்கும் மேல். நாம் வாழும் 10 டிகிரி அட்சரேகையில் அவ்வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே கடக்கும், அவ்வளவே. எனவே இங்குள்ள விலங்குகளுக்கு உதிர்வு ஆண்டு முழுதும் சிறுகச் சிறுக நிகழ்வது இயல்பு. 'பருவம் முடிந்தும் கொட்டுகிறதே' என்று அஞ்சுவோர் தம் ஊருக்குரியதல்லாத பருவத்தை அளவுகோலாகக் கொள்கின்றனர்.

அடுத்து மழித்தல். லாப்ரடாருக்கும் ஸ்பிட்ஸுக்கும் இரட்டைப் போர்வை உண்டு: மேலே நீண்ட காவல்மயிர், அடியில் பஞ்சு போன்ற உள்மயிர். நாய் மனிதரைப் போல உடலெங்கும் வியர்த்துக் குளிர்வதில்லை. மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. காவல்மயிர் வெயில் நேரே தோலில் படாமல் தடுக்கிறது. உதிர்ந்தும் வெளியேறாமல் சிக்கிக்கிடக்கும் உள்மயிரே காற்றை மறிப்பது. அதைச் சீவி எடுத்தால் காற்று தோலை எட்டும். நாய்க்கு வெக்கை குறையும். முழுவதும் மழித்தாலோ தோல் வெந்து சிவக்கலாம். சில நாய்களுக்கு மயிர் மீண்டும் சீராக முளைப்பதே இல்லை. பாலக்காட்டு வெயிலுக்கு இரங்கி மழிப்பவர்கள் அந்நாயின் குடையைப் பிடுங்கிவிடுகிறார்கள். ஷீ சூ போல இடைவிடாது மயிர் வளரும் இனங்கள் விலக்கு. அவற்றுக்குக் கத்தரிப்புத் தேவை.

செய்யவேண்டியது எளிது. வாரம் இருமுறை, உதிர்வு மிகும் நாள்களில் அன்றாடம், பத்து நிமிடம் சீவினால் போதும். இரட்டைப் போர்வைக்கு மெல்லிய கம்பிப் பற்கள் கொண்ட தூரிகையும் இடைவெளிமிக்க சீப்பும் வேண்டும். தூரிகையை முதலில் நம் முன்கையின் உட்புறத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும். நமக்கு உறுத்தும் அழுத்தம் நாயின் தோலையும் கீறும். மயிரைச் சிறு சிறு வகிடாகப் பிரித்து, அடியிலிருந்து நுனிக்கு, மயிர் படிந்திருக்கும் திசையிலேயே சீவ வேண்டும். காதின் பின்புறம், கக்கம், பின்தொடை, வாலடி ஆகிய நான்கும் சிக்குப் பிடிக்கும் இடங்கள். மேற்பூச்சாகச் சீவுவோர் தவறவிடுவதும் இவற்றைத்தான். எல்லைக்கு அப்பால் தேனி மாவட்டத்துக் கோம்பையின் பெயரைத் தாங்கிய நாய்க்கும் இராசபாளையம் நாய்க்கும் குறுமயிர். அவற்றுக்குக் கம்பித் தூரிகை ஆகாது. ரப்பர்த் தூரிகையோ ஈரத் துணியோ போதும்.

சிக்குள்ள மயிர் நனைந்தால் இன்னும் இறுகும். ஆதலால் சீவிய பின்னரே குளிப்பாட்ட வேண்டும். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீர் போதுமானது. மனிதத் தோல் சற்றே அமிலத்தன்மை உடையது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. ஆகவே நம் ஷாம்பு அதற்குப் பொருந்தாது. இடுக்கியின் மழைமாதங்களில் குளிப்பாட்டுவதைவிட உலர்த்துவதே முதன்மையான பணி. உள்மயிரில் தங்கும் ஈரம் தோலைப் புண்ணாக்கும். மலைப்பாதையில் உலவி வரும் நாயின் கால்விரல் இடுக்குகளில் அட்டையும் உண்ணியும் உள்ளனவா என்று நாள்தோறும் பார்த்தல் நலம்.

பூனைக்கு வேறு நெறி. அது தன்னைத் தானே நக்கித் துப்புரவு செய்துகொள்ளும் உயிர். பெரும்பாலான பூனைகளுக்குக் குளியலே தேவையில்லை. நக்கும்போது விழுங்கும் மயிர் வயிற்றில் உருண்டையாகத் திரளும். நாம் சீவியெடுத்தால் அது குறையும். பாரசீகப் பூனைக்கு அன்றாடம் சீவுதல் கட்டாயம். தலை, கன்னம், முதுகு என்று அது விரும்பும் இடங்களில் தொடங்கி வயிற்றைக் கடைசிக்கு விட வேண்டும். வால் சுழற்றி அடித்தாலோ காது மடங்கினாலோ கண்மணி விரிந்தாலோ அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். மீதியை நாளை பார்த்துக்கொள்ளலாம். சடைபிடித்த மயிரைக் கத்தரிக்கோலால் வெட்டலாகாது. பூனைத் தோல் மெல்லியது. சடையோடு சேர்ந்து மேலெழும்பி வெட்டுப்படும். கைவிரலால் சிறிது சிறிதாகப் பிரித்து, தோலுக்கும் சடைக்கும் இடையே சீப்பை நுழைத்து விடுவிக்க வேண்டும். இயலாதபோது கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எப்போது நோயென்று ஐயுறலாம்? வட்ட வட்டமாகத் தோல் தெரிதல், இடைவிடாச் சொறிதல், சிவப்பு, துர்நாற்றம், செதில், உடலின் இருபுறமும் ஒரே சீராக மயிர் மெலிதல் ஆகியவை அறிகுறிகள். இவை இழப்பு, மற்றவை உதிர்வு. 'உதிர்வு', 'இழப்பு' என்னும் இரு சொற்களும் தமிழில் ஏற்கெனவே உள்ளன. இவ்வேறுபாட்டைப் பேச்சிலும் எழுத்திலும் நிலைநிறுத்துவது ஒன்றே தேவை.

இரண்டாவது சொல்லில்தான் உயிர்ச்சேதம் ஒளிந்திருக்கிறது. தமிழில் தெள்ளு வேறு, உண்ணி வேறு. தெள்ளு தத்தும், உண்ணி தோலில் கடித்துப் பற்றி இரத்தம் குடித்து ஊதும். மலையாளத்தில் 'செள்ளு' என்னும் சொல் நம் தெள்ளோடு உறவுடையது. பேச்சுவழக்கில் அது உண்ணியையும் குறிக்கிறது. ஒரே காய்ச்சலைத் தமிழர் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். மலையாளிகள் செள்ளுப்பனி என்கிறார்கள். அதைப் பரப்புவதோ ஒருவகைச் சிற்றுயிரின் இளவுயிரி. அது உண்ணியும் அன்று, தெள்ளும் அன்று. இரு மொழிகளும் கலக்கும் கடைத்தெருவில் 'நாய்க்குச் செள்ளு மருந்து' என்று கேட்பவர் கையில் எது கிடைக்கும் என்பது கடைக்காரரின் புரிதலைப் பொறுத்தது. இமிடாகுளோபிரிட் மட்டும் உள்ள மருந்து தெள்ளைக் கொல்லும், உண்ணியைக் கொல்லாது. அதனோடு பெர்மெத்ரின் சேர்ந்த கலவை உண்ணியையும் கொல்லும், பூனையையும் கொல்லும்.

இது மிகைக்கூற்று அன்று. சில வேதிப்பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. நாய்க்கெனச் செறிவாகத் தயாரித்த பெர்மெத்ரின் சொட்டுமருந்து பூனையின் உடலில் பட்டால் நடுக்கமும் வலிப்பும் கண்டு அது இறக்கக்கூடும். அம்மருந்து பூசிய நாயோடு ஒட்டிப் படுப்பதும் பூனைக்கு ஆபத்து. மனிதரின் பேன்மருந்திலும் சிரங்குக் களிம்பிலும் இதே பெர்மெத்ரின் உண்டு. மாடு, நாய், பூனை மூன்றும் ஒரே கொல்லையில் வளரும் வீடுகள் நம் பகுதியில் ஏராளம். அங்கே மாட்டுண்ணிக்கு வாங்கிய டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், அமிட்ராஸ் புட்டி மூன்றுக்கும் பொதுவாகிவிடுகிறது. 'பூனைக்குப் பயன்படுத்தலாகாது' என்னும் எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில், கடுகளவு எழுத்தில் அச்சாகியிருக்கும்.

'இயற்கையானது' என்னும் சொல்லும் காப்பாற்றாது. மூணாற்றில் எளிதாகக் கிடைக்கும் யூக்கலிப்டஸ் தைலம், மறையூர்ப் பகுதியில் காய்ச்சும் புல்தைலம், கற்பூரம் ஆகிய அனைத்தையும் பூனை தன் உடலிலிருந்து நக்கி விழுங்கிவிடும். செறிவான நிலையில் அவை நஞ்சு. பினாயிலும் அவ்வாறே. மண்ணெண்ணெய் தடவினால் நாயின் தோலும் வெந்துபோகும்.

மருந்தின்றியே செய்யக்கூடியவை நம் கையில் உள்ளன. தெள்ளுக்குப் பாட்டிமார் பயன்படுத்திய பேன்சீப்பே சிறந்த கருவி. சீவிச் சீவிச் சோப்பு நீரில் முக்கினால் தெள்ளு மாளும். உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், விரலால் நசுக்கலாகாது. நாயுண்ணி சுவர் வெடிப்பிலும் கட்டில் இடுக்கிலும் முட்டையிடும். ஆதலால் படுக்கைத் துணியைத் துவைக்காமல், வெடிப்பை அடைக்காமல் நாயை மட்டும் துப்புரவாக்குவது வீண்வேலை. மருந்து தேவைப்பட்டால் விலங்கின் இனத்தையும் எடையையும் மருத்துவரிடம் சொல்லியே வாங்க வேண்டும்.

மூன்றாவது சொல் 'வெறிநாய்க்கடி'. இச்சொல்லில் வெறி, நாய், கடி என மூன்று வரம்புகள் உள்ளன. சீவும்போது வளர்ப்புப் பூனைக்குட்டி நகத்தால் கீறினால், அங்கே வெறியும் இல்லை, நாயும் இல்லை, கடியும் இல்லை. ஆகவே அந்நோயின் நினைவே எழுவதில்லை. மலையாளத்தின் 'பேவிஷபாதை' இவ்வகையில் நம் சொல்லைவிடச் செம்மையானது. அது நாயையும் கடியையும் நிபந்தனையாக்கவில்லை. பூனையும் இந்நோயைப் பரப்பும். குருதி கசியாத கீறலுக்கும் தடுப்பூசி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு. குருதி வந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும்; பின்பு தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருப்பதே சீப்பைக் கையில் எடுப்பதற்கான முதல் தகுதி. படர்தாமரையும் இவ்வாறு தொற்றும், குறிப்பாகப் பாரசீகப் பூனைகளிடமிருந்து. ஓரிரு அறைகளே கொண்ட எஸ்டேட் லயங்களில் குழந்தையும் பூனையும் ஒரே பாயில் உறங்குகின்றன என்பதை மறக்கலாகாது.

'ஆய்வாளர்கள் கவலைப்பட வேறு பொருளில்லையா?' என்று கேட்கப்படலாம். தமிழில் மாட்டு வாகடமும் குதிரை வாகடமும் எழுதப்பட்டன. உழவுக்கும் போருக்கும் உதவிய விலங்குகள் நூல்பெற்றன. நாயும் பூனையும் வாசலில் நின்றுவிட்டன. இன்று அவை வீட்டுக்குள் வந்துவிட்டன. அவற்றுக்கான மொழி இன்னும் வரவில்லை. 'இளையோர் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறார்களே' என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். ஆனால் பகலில் அவ்விலங்கோடு இருப்பவர், மருந்துப் புட்டியைத் திறப்பவர், பல வீடுகளில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த மூத்த பெண்மணி. எச்சரிக்கை அவருக்கு எட்ட வேண்டும்.

இதற்கான சட்ட அடித்தளமும் உண்டு. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு கடிதத்தொடர்பு கொள்ளவும் அதே மொழியில் மறுமொழி பெறவும் இடமளிக்கிறது. கடிதத்துக்குத் தமிழில் விடை தரக் கடமைப்பட்ட அரசு, கால்நடை மருத்துவமனைச் சுவரில் ஒரு தமிழ் எச்சரிக்கையை ஒட்டுவது பெரிய சுமையன்று. அறிவு வளமும் அருகிலேயே உள்ளது. மண்ணுத்தியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மறையூரிலிருந்து மலையிறங்கினால் வரும் உடுமலைப்பேட்டையிலும், குமுளிக்கும் போடிமெட்டுக்கும் கீழேயுள்ள தேனியிலும் 2020-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. மூன்று கல்லூரிகளுக்கும் நடுவே வாழும் மக்களுக்கு ஒரு பக்கத் துண்டறிக்கை தமிழில் இல்லையென்றால், அது அறிவின் பஞ்சமன்று. யாருடைய பொறுப்பும் அன்று என்று விட்டுவிட்டதன் விளைவு.

மொழித்துறை மாணவர்கள் இதைச் செய்யலாம். உங்கள் ஊரில் தெள்ளு, உண்ணி, செள்ளு, படர்தாமரை ஆகிய சொற்கள் எவ்வெவற்றைக் குறிக்கின்றன என்று வீடு வீடாகக் கேட்டுத் தொகுங்கள். ஒரு கால்நடை மருத்துவ மாணவரோடு அமர்ந்து அப்பட்டியலைச் சரிபாருங்கள். மக்கள் வழங்கும் சொல்லிலேயே ஒரு பக்கம் எழுதி மருந்துக்கடையிலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். அப்பக்கத்தின் முதல் வரி இதுவாகட்டும்: நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவாதீர்.