தேடுமிடம் தெரிந்தால் வாசலில் நிற்கத் தேவையில்லை



வரலாற்றுப் பாடத்துக்குக் குறிப்பெடுக்க மகள் கணினியைத் திறக்கிறாள். கூகுளில் ஒரு சொல்லை இடுகிறாள். மேலே விளம்பரம், அடுத்து வீடியோக்கள், அதற்கும் கீழேதான் அவள் தேடிய பக்கம். வீடியோ ஒன்றைத் தொட்டால் அது இன்னொன்றைக் காட்டுகிறது. நீங்கள் சமையலறை வேலை முடித்து வந்து பார்க்கும்போது முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். கொப்பியில் இரண்டு வரிகூட இராது. பிள்ளையை ஏசி என்ன பயன்? சந்தை வழியாகப் பாடசாலைக்கு அனுப்பியவர்கள் நாம்தானே!

அரபுக் கல்லூரியில் 'லிஸானுல் அரப்' அகராதியைப் புரட்டப் பழகிய நாள் நினைவுக்கு வருகிறது. அதில் சொற்கள் மூல எழுத்துக்களில் கடைசி எழுத்தின்படி வரிசையாக்கப்பட்டுள்ளன. 'கதப' என்பதை 'பா'வின் கீழ் பார்க்க வேண்டும். இது தெரியாத புதிய மாணவன் 'காஃப்' எழுத்தில் தேடித்தேடிக் களைத்துப் போவான். தெரிந்தவனுக்கு அரை நிமிட வேலை.

கணினி உலாவியின் முகவரிப் பட்டியிலும் அப்படியொரு வழி உண்டு. ஒரு தளத்துக்கு ஓர் எழுத்தைக் குறியாக வைத்துவிட்டால், அந்த எழுத்தையும் தேடும் சொல்லையும் இட்டதும் அந்தத் தளத்துக்குள்ளேயே தேடலாம். கூகுள் நடுவில் வராது.

தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்வோம். அதன் தேடல் பெட்டியில் ஆங்கில 'கியூ' எழுத்தை நான்கு முறை அடித்துத் தேடுங்கள். ஏன் இந்த அர்த்தமற்ற சொல் என்று கேட்பீர்கள். உண்மையான தலைப்பை இட்டால் அது நேரே கட்டுரைக்கே கொண்டுபோய்விடும். நமக்கு வேண்டிய தேடல் முகவரி கிடைக்காது. தமிழ்ச் சொல்லை இட்டாலோ, முகவரியைப் பிரதி செய்யும்போது அது வாசிக்க முடியாத குறிகளாக மாறிவிடும்.

இப்போது மேலே தெரியும் முகவரி முழுவதையும் பிரதி செய்யுங்கள். குரோமின் செட்டிங்ஸில் தேடுபொறி என்ற பகுதிக்குப் போய், தளத் தேடல் என்ற இடத்தில் புதிதாகச் சேர்க்கும் பொத்தானை அழுத்துங்கள். மூன்று பெட்டிகள் வரும். முதலாவதில் தளத்தின் பெயர், இரண்டாவதில் குறி, மூன்றாவதில் பிரதி செய்த முகவரி. அந்த முகவரியில் நான்கு 'கியூ'க்களையும் அழித்துவிட்டு, அதே இடத்தில் நூற்றுவீதக் குறியையும் (%) அதனோடு ஒட்டி ஆங்கிலச் சின்ன 'எஸ்' எழுத்தையும் இடுங்கள். தேடும் சொல் வந்து அமரும் நாற்காலி அதுதான். சேமித்தால் வேலை முடிந்தது.

குறியாக ஆங்கில எழுத்தை வைக்காதீர்கள். தேடப்போவது தமிழ்ச் சொல் என்றால் நடுவில் விசைப்பலகையை மாற்றுவது பெரிய தொல்லை. நான் 'வி' என்று வைத்திருக்கிறேன். 'வி' அடித்து இடைவெளி விட்டதும் பட்டியில் தளத்தின் பெயர் தோன்றும். பிறகு சொல்லை இட்டு 'என்டர்' அழுத்த வேண்டியதுதான். அதே தலைப்பில் கட்டுரை இருந்தால் அதுவே திறக்கும். 2005 முதல் நம் நாட்டுத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் சேர்த்துவரும் நூலகம் தளத்துக்கு 'நூ' வைத்துக்கொள்ளலாம். பழைய சஞ்சிகை தேடும் உயர்தரப் பிள்ளைகளுக்கு அது ஒரு புதையல்.

ஃபயர்பொக்ஸில் இது இன்னும் சுலபம். தளத்தின் தேடல் பெட்டியில் வலது பொத்தானை அழுத்தினால், இந்தத் தேடலைச் சேர்ப்பதற்கான வரி பட்டியலில் வரும். அதில் இன்னொரு வசதியும் உண்டு: சேமித்து வைத்த எந்தப் பக்கத்துக்கும் குறி கொடுக்கலாம். பரீட்சைத் திணைக்களத்தின் பெறுபேற்றுப் பக்கத்துக்கு இப்போதே ஒன்று கொடுத்துவையுங்கள். பெறுபேறு வரும் நாளில் பதற்றத்தோடு தேடி, ஏதோ ஒரு பக்கத்தில் பிள்ளையின் சுட்டெண்ணைக் கொடுக்க வேண்டியிராது.

இது பூட்டு அல்ல என்பதையும் சொல்லவேண்டும். விளையாட நினைக்கும் பிள்ளைக்குக் கூகுள் அதே பட்டியில்தான் இருக்கிறது. படிக்க நினைத்து உட்காரும் பிள்ளைக்குத்தான் இது உதவும். தளத்தார் தேடல் முகவரியை மாற்றினால் குறி வேலை செய்யாது. அப்போது பதறாமல் மீண்டும் நான்கு 'கியூ' அடித்து, புதிய முகவரியை அதே பெட்டியில் மாற்றிவிடுங்கள்.