மின்கலம் யாருடையது?

"தம்பி, பேச்சு நல்லா இருந்தது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கேட்கலாமா?"

கேட்டவர் முதியவர். காஞ்சி, பிள்ளையார்பாளையத்துக்காரர். ஐம்பது ஆண்டுக் காலம் தறிக்குழியிலே காலைத் தொங்கவிட்டு அமர்ந்து, ஊரார் உடுத்திடப் பட்டு நெய்து தந்தவர். தாம் உடுத்தியிருந்ததோ பழுப்பேறிய பருத்தி வேட்டி! கூட்டம் முடிந்து, ஒலிபெருக்கியை அவிழ்த்துக்கொண்டிருந்தனர் தோழர்கள். அரைமணி நேரத்துக்கு முன்பு, அதே ஒலிபெருக்கியிலே நான் முழங்கியிருந்தேன்:

"இலண்டன் மாநகரம் குதிரை இழுத்த டிராமிலே குலுங்கிக்கொண்டிருந்த நாளில், நமது சென்னையிலே மின்சார டிராம் ஓடிற்று! 1895ஆம் ஆண்டு, மே திங்கள் 7ஆம் நாள்! இன்றோ, நமது காஞ்சி மாவட்டத்திலே, திருப்பெரும்புதூர் வட்டாரத்திலே, மின்சாரக் கார்கள் உருவாகின்றன. மின்சார வண்டிக்குத் தாயகம் தமிழகம்!"

கையொலி கடலொலியாயிற்று. நானும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி மறைவதற்கு முன்பே வந்து நின்றார் முதியவர்.

"கேளுங்கள் ஐயா" என்றேன்.

"என் பேரன் ஒரகடம் பக்கத்திலே ஒரு கம்பெனியிலே ஒப்பந்தக் கூலியா இருக்கான். தறிக்கு வரமாட்டேன்னுட்டுப் போனவன். 'தாத்தா, வண்டியை நாங்க பூட்டுறோம். ஆனா பாட்டரிக்குள்ளே இருக்கிற சரக்கு கப்பலிலே வருது'ன்னு சொல்றான். வண்டிக்கு உயிரே அதுதானாமே! அப்படின்னா, அந்தப் பாட்டரி யாருது தம்பி?"

நாடகம் எழுதுபவன் நான். பாத்திரங்கள் வாயிலே பதிலைத் திணித்துப் பழகியவன். அன்று என் வாய்க்கே பதில் கிடைக்கவில்லை. பாதியிலே கல்லூரியை விட்டவனுக்கு ஒரு பாதகம் உண்டு, ஒரு சாதகமும் உண்டு: தெரியாது என்று ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. வீடு திரும்பினேன், ஏடுகளைப் புரட்டினேன். அறிந்ததைத் தோழர்களிடம் கூறிடவே இந்த ஞாயிறு.

மின்சார வண்டியை முதலில் கண்டவர் யார்? கேள்வி சிறிது, உரிமை கோருவோர் பட்டியலோ பெரிது!

"எங்கள் ஆன்யோஷ் யெட்லிக்" என்கிறது அங்கேரி. 1828ஆம் ஆண்டளவில் மின்விசையால் ஓடும் சிறு மாதிரி வண்டி செய்தவர் அவர். "எங்கள் தாமஸ் டாவன்போர்ட்" என்கிறது அமெரிக்கா; இரும்புக் கொல்லர், 1830களிலே மின்விசைப் பொறி செய்தவர். "எங்கள் ஸ்ட்ராட்டிங், 1835" என்கிறது ஆலந்து. "எங்கள் ராபர்ட் டேவிட்சன்" என்கிறது ஸ்காத்லாந்து. "1881இல் பாரிஸ் நகரிலே மூன்று சக்கர மின்வண்டி ஓட்டிய குஸ்தாவ் துரூவே எங்களவர்" என்கிறது பிரான்சு. "1884இல் தாமஸ் பார்க்கர்" என்கிறது இங்கிலாந்து. "1888இல் கோபுர்க் நகரத்து ஃப்ளோக்கன்" என்கிறது செருமனி.

ஒருவர் சொல்வதும் முழுப் பொய்யன்று. ஒருவர் சொல்வதும் முழு உண்மையுமன்று. ஒருவர் மாதிரி செய்தார், மற்றவர் மூன்று சக்கரம் பூட்டினார், இன்னொருவர் நான்கு சக்கரம் பூட்டினார். எல்லோருக்கும் அடிப்படையாக நின்றவரோ இத்தாலி நாட்டு வோல்ட்டா. 1800ஆம் ஆண்டு, செம்பும் துத்தநாகமும் அடுக்கி, உப்புநீரில் நனைத்த அட்டையை இடையிலே வைத்து, இடைவிடாத மின்னோட்டம் கண்டவர். கண்டதைப் பெட்டிக்குள் பூட்டினாரில்லை. இலண்டனில் இருந்த அறிஞர் கழகத்துக்கு எழுதினார், "இவ்விதம் செய்தேன்" என்று விளக்கி. படித்தவர் செய்தனர், செய்தவர்க்கெல்லாம் மின்சாரம் வந்தது.

இங்கேதான் தோழர்களே, கண்டுபிடிப்புக்கும் கட்டுக்கதைக்கும் உள்ள வேறுபாடு! நான் செய்ததை நீயும் செய்து பார்க்கலாம் என்பது கண்டுபிடிப்பு. நான் சொல்வதை நீ நம்பித்தான் ஆகவேண்டும் என்பது கட்டுக்கதை.

நமது நாட்டிலேயும் ஒரு கட்டுக்கதை உலவுகிறது. மின்கலத்தை முதலில் கண்டவர் அகத்திய முனிவராம்! அகத்திய சம்ஹிதை என்றொரு நூலிலே செய்முறை இருக்கிறதாம்! பேச்சளவில் நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பொறியியல் பயிலும் மாணவர்க்கெனப் பரிந்துரைக்கப்பட்ட நூலொன்றிலேயே இந்தக் கூற்று இடம்பெற்றதாக 2018இல் ஏடுகளிலே செய்தி வந்தது. கேட்கிறேன்: அந்த மின்கலம் எந்த விளக்கை எரித்தது? எந்த ஊரில், எந்தக் கொல்லன் அதைச் செய்து விற்றான்? கமண்டலத்திலே காவிரியை அடைத்தவர் மின்சாரத்தையும் அடைத்தார் என்று சொல்லிவிட்டால், பிள்ளைகள் ஆய்வுக்கூடம் செல்வது எதற்கு? கை கூப்பினால் போதுமே!

அவர்களைக் கேலி பேசுவது எளிது. நம்மை நாமே கேட்டுக்கொள்வதுதான் கடினம். பிள்ளையார்பாளையத்து மேடையிலே நான் பேசியது மட்டும் என்ன? 1895இல் சென்னையிலே மின்சார டிராம் ஓடியது மெய். இந்தியாவிலே முதலாவது என்பதும் மெய். ஆனால் ஓட்டியது ஆங்கிலேயர் கம்பெனி. ஓட்டுநரும் நடத்துநரும் நம்மவர், உடைமை நம்முடையதன்று. 1953இல் வண்டி நின்றது. நாம் அதிலே ஏறிச் சென்றோம், கட்டணமும் கொடுத்தோம். பயணி எப்போது கண்டுபிடிப்பாளன் ஆனான்? ஆண்டு சரி, நாளும் சரி, "தாயகம் தமிழகம்" என்றேனே, அதுதான் தவறு. முனிவரைக் காட்டி மார்தட்டுவோருக்கும், டிராமைக் காட்டி மார்தட்டிய எனக்கும் அன்றைக்கு எவ்வளவு தொலைவு? அதிகமில்லை.

ஒரு வினா எழலாம்: அப்படியானால் எதையுமே நம்முடையது என்று சொல்லக்கூடாதா?

சொல்லலாம். எப்படிச் சொல்வது என்பதைக் காஞ்சித் தறியே கற்றுத் தருகிறது. காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சேலைக்கு உரிய பட்டு நூலில் பெரும்பகுதி கருநாடகத்திலிருந்து வருகிறது. சரிகையிலே பெரும்பகுதி சூரத்திலிருந்து வருகிறது. தறியின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதே ஜக்கார்டு பெட்டி, அது 1804இல் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார் கண்ட கருவி. எனினும், அந்தச் சேலையைப் பிரெஞ்சுச் சேலை என்பார் உண்டோ? இல்லை. ஏன்? கரையும் உடலும் இருவேறு நிறமாக, மூன்று நாடா ஓட்டி, இழையோடு இழை பூட்டும் கோர்வை வேலை இந்த ஊர்க் கைகளிலே இருக்கிறது. எங்கிருந்தோ வந்ததை ஏற்று, கற்று, தன் கைத்திறனைச் சேர்த்து, மற்றவர் செய்யமுடியாததைச் செய்ததனால் காஞ்சிக்கு உரிமை வந்தது. முதலில் கண்டதனால் அன்று!

இனி, மின்கலத்துக்கு வருவோம். மின்சாரக் காரின் வரலாறே மின்கலத்தின் வரலாறுதான்.

1859இல் பிரெஞ்சுக்காரர் பிளான்டே, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய மின்கலம் கண்டார். வண்டிகள் புறப்பட்டன. 1899இல், பெல்ஜியத்துக் காமில் ஜெனாட்சி, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை மின்சார வண்டியிலேதான் முதன்முதலாகத் தாண்டினார். 1900ஆம் ஆண்டளவிலே அமெரிக்காவில் செய்யப்பட்ட 4,192 வண்டிகளிலே 1,575 மின்சாரத்தால் ஓடுபவை; பெட்ரோல் வண்டிகள் 936 மட்டுமே! வென்றிருந்த வண்டி ஏன் வீழ்ந்தது? பெட்ரோல் மலிந்தது, 1912இல், கையால் சுழற்றாமலே பெட்ரோல் வண்டியைக் கிளப்பும் மின்பொறி வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, ஈய மின்கலம் கனமோ கனம், தொலைவோ குறைவு. ஒரு கிலோ ஈய மின்கலம் 30 முதல் 40 வாட்-மணி ஆற்றலே தேக்கும். இன்றைய லித்தியம் மின்கலமோ 150 முதல் 250 வரை தேக்குகிறது.

நம் வழியிலேயே கணக்கிட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து காஞ்சி ஏறத்தாழ 75 கிலோமீட்டர். 1993இல், கேரளத்துச் சாலக்குடியிலிருந்து, சப்பானிய யாஸ்காவா நிறுவனத்தின் துணையோடு வந்தது 'லவ்பேர்ட்' என்னும் மின்சாரக் கார். ஒரு மின்னேற்றத்துக்கு 60 கிலோமீட்டர். சென்னையிலே புறப்பட்டால் காஞ்சிக்கு முன்பே களைத்துவிடும். 2001இல் பெங்களூரிலிருந்து வந்தது 'ரேவா'. 80 கிலோமீட்டர்; காஞ்சிக்கு வரும், திரும்பிப் போகாது! இந்தியாவின் முதல் மின்சாரக் கார் ரேவாவே என்போர் பலர். சாலக்குடியை அறிந்தோர் மறுப்பர். அங்கேயும் "யார் முதல்?" என்ற வழக்கு! இரண்டையும் வழியிலே நிறுத்தியது ஒரே ஈயம்தான் என்பதை எண்ணுவார் இல்லை.

2025 சனவரியிலே, திருப்பெரும்புதூர் வட்டாரத்து ஆலையிலிருந்து ஹூண்டாய் நிறுவனம் வெளியிட்ட கிரெட்டா மின்சாரக் காருக்கு 473 கிலோமீட்டர் என்று சான்று தரப்பட்டது. மூன்று முறை காஞ்சிக்கு வந்து திரும்பலாம்! ஆனால் இத்தகைய சான்று ஆய்வுக்கூடத்திலே பிறப்பது. உருளைகளின்மேல் வண்டியை நிறுத்தி, வகுத்த வேகத்திலே ஓட்டி, குளிரூட்டியை நிறுத்திவைத்து அளப்பது. சித்திரை வெயிலிலே, குளிரூட்டி ஓட, நெடுஞ்சாலையிலே விரைந்தால் தொலைவு குறையத்தான் செய்யும். விளம்பரத் தொலைவு வேறு, வீதித் தொலைவு வேறு. பழம்பெருமையும் அப்படித்தான் தோழர்களே! மேடையிலே அது ஓடும் தூரம் வேறு. வீதியிலே, வேலை தேடும் இளைஞனோடு, அது ஓடும் தூரம் வேறு.

லித்தியம் மின்கலத்தைக் கண்டவர் யார்? 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு மூவருக்குத் தரப்பட்டது: இங்கிலாந்திலே பிறந்து அமெரிக்காவில் ஆய்ந்த விட்டிங்காம், செருமனியிலே பிறந்த அமெரிக்கர் குட்இனஃப், சப்பானியர் யோஷினோ. 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது சப்பானியரின் சோனி நிறுவனம். அந்த நோபல் விழாவிலே, முதுமையுற்றிருந்த குட்இனஃப் சார்பில் உரை நிகழ்த்தியவர் யார் தெரியுமா? ஆறுமுகம் மந்திரம்! தமிழ்நாட்டிலே பிறந்து, மதுரைப் பல்கலைக் கழகத்திலே பயின்று, சென்னை ஐ.ஐ.டி.யிலே 1981இல் ஆய்வுப் பட்டம் பெற்று, கடல் கடந்து குட்இனஃபுடன் இணைந்து உழைத்தவர். 1997இல், இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட மலிவான லித்தியம் மின்கலத்துக்கு வழிகாட்டிய ஆய்வுரையிலே, குட்இனஃபோடு இந்தியப் பெயர் தாங்கிய இருவர் உண்டு: பாடி, நஞ்சுண்டசாமி. ஆய்வு நடந்தது டெக்சாசிலே. இன்று அவ்வகை மின்கலத்தை மலைமலையாகச் செய்து உலகுக்கு விற்பதோ சீனம்!

இதைப் படித்ததும், பழைய பழக்கத்திலே என் நாக்கு துடித்தது: "லித்தியம் மின்கலம் தமிழன் கண்டது" என்று அடுத்த மேடையிலே முழங்கலாமே என்று. அடக்கிக்கொண்டேன். கேட்கவேண்டிய கேள்வி வேறு. மதுரையிலே முளைத்த அறிவு, கனி தருவதற்கு ஏன் டெக்சாஸ் வரை செல்ல நேர்ந்தது?

நம்மிடம் நிலம் இல்லையா? இருந்தது. காரைக்குடியிலே, வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தார். 1948 சூலையிலே அடிக்கல் நாட்டப்பட்டு, 1953 சனவரி 14, பொங்கல் திருநாளன்று திறக்கப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். எண்ணிப் பாருங்கள்: சென்னையிலே ஆங்கிலேயர் கம்பெனியின் டிராம் நின்ற அதே ஆண்டிலே, காரைக்குடியிலே நமக்கென ஓர் ஆய்வுக்கூடம் கதவு திறந்தது! கடன்வாங்கிய பெருமை போயிற்று. சொந்த அறிவுக்கு வாயில் பிறந்தது. ஆனால் அங்கே வளர்த்த லித்தியம் மின்கல நுட்பத்தை ஆலைக்கு வழங்கிட ஒப்பந்தம் கையெழுத்தானது 2018இல்தான். சோனியின் மின்கலம் கடைக்கு வந்து 27 ஆண்டுகளுக்குப் பின்!

தமிழ்நாடு அரசு 2019இலும் 2023இலும் மின்சார வாகனக் கொள்கை வகுத்தது. ஆலைகள் வந்தன, வரவேற்கிறோம். கிருஷ்ணகிரி மாவட்டத்திலே மின்கலமே செய்யும் முயற்சியும் தொடங்கியிருக்கிறது, வாழ்த்துகிறோம். ஆனால் நாட்டுக்குத் தேவையான லித்தியம் மின்கலத்திலே பெரும்பகுதி இன்னமும் இறக்குமதிதான். எனவே நாம் கேட்கவேண்டியவை இவை: நிலமும் நீரும் மின்சாரமும் சலுகையும் பெறும் ஆலை, பூட்டும் வேலையோடு நிற்காமல் மின்கல வேலையையும் இங்கே கற்றுத் தரட்டும். ஒப்பந்தக் கூலியாக நுழையும் நெசவாளி வீட்டுப் பிள்ளை, நிலையான தொழிலாளியாக, நுட்பம் அறிந்தவனாக உயரட்டும். காரைக்குடி ஆய்வுக்கூடத்துக்கும் திருப்பெரும்புதூர் ஆலைக்கும் இடையே பாதை விரியட்டும். வீதியிலே வண்டி ஓடும் மெய்யான தொலைவை விற்பவர் எழுதிக்காட்டட்டும். பள்ளிப் பிள்ளையின் கையிலே செம்புத் தகடும் துத்தநாகத் தகடும் ஓர் எலுமிச்சம்பழமும் கொடுங்கள். முனிவர் கதையைவிட அது நெடுந்தூரம் ஓடும்.

கற்காமல் கோரும் உரிமை பகல்வேடம். உழைத்துக் கற்று, நம் கைத்திறனைச் சேர்த்துக் கோரும் உரிமை கோர்வைக் கரை. இழுத்தாலும் பிரியாது.

பெரியவரே! "அந்தப் பாட்டரி யாருது?" என்றீர்கள். இன்று அது நம்முடையதன்று. அதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. நாளை நம்முடையதாகுமா என்பதை உங்கள் பேரன் நிற்கும் இடத்தை வைத்துத்தான் சொல்லமுடியும்: வாயிலிலே ஒப்பந்தச் சீட்டோடு நிற்கிறானா, உள்ளே மின்கலம் செய்யும் மேசையருகே நிற்கிறானா என்பதை வைத்து. மறுபடி உங்கள் தெருவுக்குப் பேச வருவேன். டிராமைப் பற்றிச் சொல்வேன்; "தாயகம் தமிழகம்" என்ற அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டேன்.