தவணைக்குள் போன தேர்தல்

டயானா கமகே 2020இல் தேசியப்பட்டியலில் பாராளுமன்றம் போனார். 20ஆவது திருத்தத்துக்குக் கை தூக்கினார், இராஜாங்க அமைச்சரானார். ஆசனம் வகிக்கத் தகுதியில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2024 மே 8ஆம் திகதி. செப்டெம்பரில் அந்தப் பாராளுமன்றமே கலைந்தது.

நமக்கு இது புதிதா? வாக்காளர் இடாப்பில் பெயர் கேட்டுக் கோடகன் பிள்ளை கேகாலையில் தொடங்கிய விவகாரம் கொழும்பு தாண்டி இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. முடிவு 1953இல், தேர்தலோ 1952 மே மாதமே முடிந்துவிட்டது. அவர் தோற்றது வேறு கதை. வென்றிருந்தாலும் அந்தத் தேர்தலில் ஒரு புள்ளடி போட்டிருக்க முடியாது.

தொழில் நியாய சபைக்கு நடையாய் நடக்கும் தோழர்களுக்கு விளக்கம் வேண்டாம். தவணை நாளில் பேர் விழாது. எதிர்த்தரப்புக்கு ஒன்றும் குறையாது.

தேர்தல் மனுவை ஆறு மாதத்தில் முடிக்க ‘முயல’ வேண்டும் என்கிறது இந்தியச் சட்டம். 49 வாக்கில் முடிவான 2016 இராதாபுரம் வழக்கு, அடுத்த தேர்தல் வந்தும் முடியவில்லை. ஆகவே நாம் கேட்பது முயற்சியை அல்ல, கட்டாயக் காலக்கெடுவை. தேர்தல் மனுவுக்கும் உறுப்பினர் தகுதி வழக்குக்கும் மேன்முறையீடு உட்பட ஒரு வருடம், அதற்கு மேல் ஒரு நாளும் கூடாது. கிளைத் தலைவர்மார் இம்மாதக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி அனுப்புங்கள்.