வளைவில் வேகத்தை வண்டியே குறைக்கட்டும்

விளைந்த காய்கறியைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல, பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர லோடு வண்டிகள் இப்போது கிராமங்களுக்கும் வந்துவிட்டன. டீசல் செலவு இல்லை. புகை இல்லை. நாலைந்து சிறு விவசாயிகள் சேர்ந்தும் ஒன்று வாங்கலாம். வரவேற்க வேண்டிய வண்டிதான். ஆனால் மூன்று சக்கர வண்டி வளைவில் கவிழக்கூடியது என்பதை மறந்துவிடக்கூடாது.

முன்னால் ஒரே சக்கரம் இருப்பதால், நான்கு சக்கர வண்டிக்குள்ள பக்கப்பிடிப்பு இதற்குக் கிடையாது. தக்காளிப் பெட்டிகளை உயர அடுக்கினால் ஆபத்து இன்னும் கூடும். வேகம் இரண்டு மடங்கானால், வளைவில் வெளிப்புறம் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 400 கிலோ சுமையுடன் 15 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், அந்தச் சுமையைச் சுமார் 70 கிலோ அளவு விசை பக்கவாட்டில் தள்ளும். 30 கிலோமீட்டர் வேகத்திலோ அது சுமார் 280 கிலோ!

மின்சார ரிக்‌ஷா, மின்சாரச் சுமை வண்டி ஆகியவற்றுக்கு 2014-ல் வந்த மத்திய அரசு விதி, மணிக்கு 25 கிலோமீட்டர் என்று உச்ச வேகத்தை வரையறுத்தது. நேர் ரோட்டுக்கும் திருப்பத்துக்கும் அதே அளவுதான். அதைவிடப் பெரிய மூன்று சக்கர வண்டிகள் இன்னும் வேகமாக ஓடுகின்றன.

இதற்கு வழி உண்டு. குடோன்களில் சரக்கைத் தூக்கி அடுக்கும் மின்சார போர்க்லிப்ட் வண்டிகளில், ஸ்டியரிங் எவ்வளவு திரும்புகிறது என்பதை ஒரு சென்சார் அறிந்து, மோட்டாரின் வேகத்தைத் தானே குறைத்துவிடுகிறது. ஜெர்மனியின் லிண்டே, யுங்ஹைன்ரிக் நிறுவனங்கள் இத்தகைய வசதியைத் தருகின்றன. பேட்டரி வண்டியில் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ஏற்கெனவே கன்ட்ரோலர்தான் அளந்து விடுகிறது. குடோன் சரக்குக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, குடும்பத்தைக் காப்பாற்றும் விவசாயிக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

விலை கூடுமே என்பார்கள். கூடத்தான் செய்யும். ஆனால் ஒருமுறை வண்டி கவிழ்ந்தால் போவது அன்றைய காய்கறி மட்டுமா? கை கால் முறிந்தால் அந்தப் பருவச் சாகுபடியே போய்விடும். கடன் தவணையோ நிற்காது. ஆகவே, மானியம் தரும் வண்டிகளில் இந்த வசதி இருக்க வேண்டும் என்று அரசு நிபந்தனை விதிக்கலாம். வேகத்தைச் சட்டென்று வெட்டாமல், படிப்படியாகக் குறைப்பதாக அது அமைய வேண்டும். திருப்பத்தில் திடீரென வேகம் குறைந்தால், பாரம் முன்பக்கம் சாய்ந்து, அதுவே வண்டியைக் கவிழ்க்கக்கூடும்.

அதுவரை விவசாயிகள் கவனிக்க வேண்டியவை: கனமான மூட்டைகளை அடியில் வையுங்கள். சுமை நகராதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். சுமையின்மேல் ஆட்களை ஏற்றாதீர்கள். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். திரும்பும்போது அழுத்தி பிரேக் போடாதீர்கள். தானியங்கி வசதி வந்தபிறகும் இவற்றைக் கைவிடக்கூடாது. ஸ்டியரிங் திரும்பிய பிறகுதான் சென்சாருக்கு வளைவு தெரியும். ஓட்டுபவர் கண்ணுக்கோ முன்பே தெரியும்.

வண்டி வாங்கப் போகும்போது, ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கிறோம். வளைவில் தானே வேகம் குறையுமா என்பதையும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால்தான் கம்பெனிக்காரர்கள் செய்வார்கள்.